திங்கட்கிழமை மூச்சடைப்பு

(மில் வாயிற் கூட்டத்தில் பேசியது)

ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் ஆயுளைக் கழித்தவர்கள் நாங்கள். இன்று பத்துப் படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறோம். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். அனுதாபம் தேடி வரவில்லை. உங்களில் பலருக்கும் இதே நோய் ஆரம்பமாகியிருக்கலாம், அதற்காகவே பேசுகிறோம்.

விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகுகிறது. மறுநாள் குறைகிறது. உடம்பு பழகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். பழகவில்லை, தோழர்களே! சில வருஷங்களில் செவ்வாய்க்கும் புதனுக்கும் பரவுகிறது. பிறகு விடுமுறையிலும் விடுவதில்லை. ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் மூச்சு திரும்பும். முற்றியபின் மருந்து இளைப்பைத் தணிக்கும். போன மூச்சைத் தராது.

இதன் பெயர் பிஸினோசிஸ். பஞ்சோடு வரும் சருகுத் தூளும் அதில் ஒட்டிய கிருமிகளின் நஞ்சும் காற்றுக் குழாய்களைச் சுருக்குகின்றன. பருவ வேலை ஓய்ந்ததும் ஜின்னிங் பட்டறைக்குப் போகும் விவசாயத் தொழிலாளித் தோழர்களையும் இது விடாது. "பீடி குடித்தாய், வந்தது" என்பார்கள் நிர்வாகத்தார். பீடி நோயை மோசமாக்கும், உண்மை, விட்டுவிடுங்கள். ஆனால் பீடியைத் தொடாத பெண் தோழர்களுக்கும் வருகிறதே, அது யார் குடித்த பீடி?

நாங்கள் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. எக்ஸ்ரே எடுத்து, "படம் சுத்தம்" என்றார்கள். சீட்டில் ஆஸ்துமா என்று எழுதினார்கள். இந்த நோய்க்கென்று தனி அடையாளம் எக்ஸ்ரேயில் விழாது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. மூச்சை ஊதி அளக்கும் கருவி இருக்கிறது. திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்பும் பின்பும் ஊதினால் குறைவு தெரியும். எந்த இலாகாவில் எத்தனை வருஷம் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். 1948-ம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இது தொழில் நோயாகச் சேர்க்கப்பட்டது. எங்கள் சீட்டில் அந்தப் பெயர் இல்லாததால் எங்களுக்கு நஷ்டஈடு ஒரு காசும் இல்லை.

அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் மூச்சிழந்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1975-ல் சங்கம் கட்டினார்கள். நூற்பு இலாகாவில் கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் தூசி கூடாதென்று 1978-ல் அந்த சர்க்கார் விதித்தது. கட்டுபடியாகாதென்று முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் 1981-ல் தோற்றார்கள். தூசி குறைந்தது, நோயும் வெகுவாகக் குறைந்தது.

மூக்கில் கட்டும் துணி நுண்தூசியை நிறுத்தாது. தூசியை உறிஞ்சும் குழாயும் திங்கட்கிழமைச் சோதனையும் கேட்டு யூனியன் மனு எழுதுகிறது. கார்டிங், ப்ளோ ரூம் தோழர்கள் பெயரையும் சர்வீஸ் வருஷத்தையும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.