ஆண்டுப் பலனும் அரை மணி நேரமும்



நாம் பிறந்தபோது சூரியன் நின்ற அதே பாகைக்கு அவர் ஆண்டுதோறும் திரும்பும் நேரத்தைக் கொண்டு கணிப்பது வருஷ ஜாதகம். 1587இல் நீலகண்டர் இயற்றிய தாஜிக நீலகண்டி இத்துறையில் பெயர் பெற்ற நூல். அதில் முந்தா என்றொரு புள்ளி உண்டு. ஜன்ம லக்கினத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு ராசி நகர்ந்து, 60 நிறையும்போது ஐந்து சுற்று முடித்து லக்கினத்துக்கே வந்துவிடும். (குருவும் ஏறக்குறைய அப்படித்தான். மணிவிழாவின் கணக்கே அதுதானே!)

எனக்கு 60 நிறைந்தபோது அன்பர் ஒருவர் கணினியில் கணித்தார். ஜன்ம லக்கினம் சிம்மம், வருஷ லக்கினம் மகரம். ஆகவே முந்தா எட்டில். "இந்த ஆண்டு உடம்பில் கத்தி படக்கூடாது" என்றார். கண்புரை அறுவையைத் தள்ளிப்போட்டேன். கணக்கு வாத்தியாராக இருந்தவன், கணக்கைச் சரிபார்க்கவில்லை! எட்டு மாதம் தேவாரத்தைப் பேரன் வாசிக்கக் கேட்டேன்.

பிழை பிறகுதான் தெரிந்தது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினோம். நான் பிறந்தபோது நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்பு. அவர் எட்டு என்று போட்டுவிட்டார். அரை மணியில் லக்கினம் ஏழு பாகைக்கு மேல் நகரும். என் லக்கினம் கன்னியின் தொடக்கம். முந்தா ஒன்பதில், நல்ல இடத்தில்!

ஆனால் அறுவைக்கு நாள் குறிக்க வேண்டியவர் கண் மருத்துவர் என்று அதற்குள் பேரனே சொல்லிவிட்டான்.

1982க்கு முன் பிறந்தவர்கள் தங்கள் ஜாதக நோட்டை எடுத்து வாருங்கள். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் ஆலய அலுவலகத்தில் இருப்பேன்.