லோணாவளா மீனும் காவிரி மீனும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெருந்தொழில் நிறுவனங்கள் உயிரினங்களைக் காக்கவும், குறைந்துபோனவற்றை மீட்கவும் இயலுமா என்பது இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். மெட்ரிகுலேஷன் படித்து, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு விலங்கியற் புலமை ஏது? ஆயினும் புனேயில் வாழும் தமிழர்க்கென்றே அமைந்தாற்போன்ற ஒரு வரலாறு உண்டு. அதனை மட்டும் சொல்லுவோம்.

மஹசீர் என்பது நம் கெண்டைக்கு உறவான பெருமீன். அதில் நீலத் துடுப்புடைய இனத்திற்கு, 1839-ஆம் ஆண்டில் கர்னல் சைக்ஸ் என்னும் ஆங்கிலேயர், இந்தப் புனேயின் முளா-முட்டா ஆற்று மீனைக் கொண்டே பெயரிட்டார். ஆகவே அது நாம் குடியேறிய ஊரின் மீன்.

1910-இல் டாட்டா நீர்மின் நிறுவனம் தோன்றியது. கிழக்கே ஓடிக் கிருஷ்ணையில் கலக்க வேண்டிய நீரை லோணாவளாவில் அணையிட்டுத் தேக்கினர். மலைச்சரிவிலே மேற்கு நோக்கிக் குழாய் வழியே இறக்கி, 1915-இல் கோபோலியில் மின்சாரம் எடுத்தனர். பம்பாய்ப் பஞ்சாலைகள் அதனால் ஓடின. பின்னர் முளா ஆற்றில் முல்ஷி அணை எழுந்தபோது, நிலமிழந்த குடியானவர்கள் சேனாபதி பாபட் தலைமையில் 1921 முதல் 1924 வரை சத்தியாக்கிரகம் செய்தார்கள். மீனுக்குச் சத்தியாக்கிரகம் செய்யத் தெரியாது. மழைக்காலத்தில் ஆற்றை எதிர்த்து ஏறிச் சென்று, கூழாங்கற்களின் இடையே முட்டையிடும் இனம் அது. அணை குறுக்கிட்டால் அதன் வழி அடைபட்டுப்போகிறது. வெடி வைத்து மீன் பிடிக்கும் கொடுமையும் சேர்ந்தது.

அந்நிறுவனம் இதனைப் பாராமுகமாக விட்டுவிடவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். 1970-களில், மீன்வளத் துறையில் பெயர் பெற்ற சி. வி. குல்கர்ணியும், நிறுவனத்தைச் சேர்ந்த ஓகலேயும் லோணாவளாவில் மஹசீரைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறையைக் கண்டனர். பருவம் வந்த மீன்களை ஏரியிற் பிடித்து, வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையை எடுப்பார்கள். ஆண் மீனின் விந்தோடு கலந்து, நீரோடும் தட்டுகளிற் பரப்புவார்கள். மூன்று நான்கு நாளிற் குஞ்சு வெளிவரும். இவ்வாறு லட்சக்கணக்கான குஞ்சுகள் வளர்ந்தன. அருகிவரும் இனமென்று உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இருந்த இம்மீன், இப்பொழுது அபாயம் குறைந்த வகுப்பிற்கு மாற்றப்பட்டுள்ளது. 2020-இல் இச்செய்தி பெரிதாகக் கொண்டாடப்பட்டது. ஒரு கம்பெனி ஐம்பதாண்டுக் காலம் ஒரே மீனைப் பேணியது சிறிய காரியமன்று.

அன்பர்களே, இனித்தான் நம் நாட்டுக் கதை வருகிறது.

காவிரியில் வேறொரு மஹசீர் உண்டு. முதுகிலே திமிலும், செம்மஞ்சள் துடுப்பும் உடையது. 1946-இல் கபினியில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்றின் நிறை 120 பவுண்டு! காவிரியையும் அதன் கிளையாறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. அந்த ஆற்றிலே நீலத் துடுப்பு மீனின் குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டார்கள், லோணாவளாவிலிருந்து. விட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் விட்டார்கள். மஹசீர் எல்லாம் ஒன்றே என்று எண்ணினார்கள் போலும். 1998 முதல் 2012 வரை கர்நாடகத்துத் தூண்டில் முகாம்களில் எழுதிவைத்த கணக்கைப் பின்னர் அறிஞர்கள் ஆராய்ந்தபொழுது, வந்தேறிய மீன் பெருகவும் சொந்த மீன் அருகவும் கண்டனர். மணற்கொள்ளையும், அணைகளும், வெடியும் சேர்ந்தே கெடுத்தன என்பதும் உண்மை. 2007-இல் காவிரியின் கிளையாகிய பாம்பாற்றில் கண்டு பெயரிட்ட மீனும் இந்தத் திமில் மீனும் ஒன்றே என்று 2018-இல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது மிகக் கொடிய அபாயத்திலுள்ள இனமென்று அறிவிக்கப்பட்டது. பெயர் உறுதியானபோதே பிழைப்பு ஐயமாயிற்று!

பிம்பிரியில் டெல்கோ தொழிற்சாலை எழுந்தபோது, சுமந்த் மூல்காவ்கர் அந்தக் கட்டாந்தரையில் ஏரி வெட்டி மரங்கள் வளர்த்தார். பறவைகளை யாரும் கூண்டிலிட்டுக் கொண்டுவரவில்லை. அவை தாமே வந்தன. இம்முறையே நமக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது. இடத்தைச் செம்மை செய்தால், அவ்விடத்திற்குரியது தானே வந்து தங்கும்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்திற்குச் செலவிட வேண்டும். அப்பணத்தில் மரக்கன்று நடுவதும், புகைப்படம் எடுப்பதும் எளிது. ஆளந்தியில் இந்திராயணி ஆறு நுரை பொங்கி ஓடுவதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். ஆலைக் கழிவும், நகரத்துச் சாக்கடையும் அந்த நீரிற் கலக்கின்றன. கழிவைத் தூய்மை செய்யாமல் ஆற்றில் விட்டுவிட்டு, அதே ஆற்றில் குஞ்சு விடுவதால் யாது பயன்?

இச்சபையில் தொழிற்சாலைகளில் பணிபுரியும் அன்பர்கள் பலர் இருக்கின்றீர்கள். உங்கள் கம்பெனி அடுத்த முறை மீன்குஞ்சோ மரக்கன்றோ கொண்டுவரும்போது, இது எந்த ஆற்றுக்குரியது, எந்த மலைக்குரியது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மேலதிகாரி கோபிக்கமாட்டார், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

திமில் மீன் இன்னும் முற்றும் அழிந்துவிடவில்லை. நீலகிரியின் அடிவாரத்தில் பவானியை நோக்கி ஓடும் மோயாற்றில், காடு சூழ்ந்த மடுக்களில் அது வாழ்கிறது. அங்கே எக்குஞ்சையும் கொண்டுபோய் விடாதிருப்பதே இப்போதைக்கு அதற்குச் செய்யும் பேருதவி.