ஓட்டாத புல்லட்டுக்கு ஒரு வைத்தியம்

(பழைய மாணவர் சந்திப்பில் வலங்கைமானைச் சேர்ந்த நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"அரசியல் வேண்டாம்ப்பா, மெஷின் பத்தி ஏதாவது பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் கார்புரேட்டரைப் பற்றிப் பேசுகிறேன்.

நம்மில் பலர் வீட்டுக் கொட்டகையில் அப்பா ஓட்டிய புல்லட் ஒன்று நிற்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பத்து உதை உதைக்கிறோம். "வண்டிக்கு வயசாயிடுச்சு" என்று பழைய இரும்புக்கு விலை கேட்கிறோம். பெரும்பாலும் வயசானது வண்டிக்கு இல்லை, உள்ளே நிற்கும் பெட்ரோலுக்கு.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் உருவான அந்த வண்டி நம் வயல் வரப்பு வரைக்கும் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் புல்லட் 350-ல் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பழசை வைத்திருப்பவர்கள்தான் இனி அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

விஷயம் எளிது. வாய்க்கால் குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமெடுக்கும் அல்லவா? கார்புரேட்டரின் தொண்டையில் காற்றும் அப்படித்தான். வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஜெட் வழியாக மேலே ஏறும். மாடித் தொட்டியில் இருப்பது போன்ற ஒரு மிதவை கிண்ணத்தின் மட்டத்தைக் காக்கும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். மெதுவாக ஓட ஸ்லோ ஜெட், முழு வேகத்துக்கு மெயின் ஜெட், நடுவில் ஊசி.

வண்டி மாதக்கணக்கில் நின்றால் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போலப் படியும். முதலில் அடைபடுவது ஸ்லோ ஜெட், ஏனென்றால் அதன் துளைதான் மிகச் சிறியது. இப்போது இன்னொரு சங்கடமும் உண்டு. 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைக் கேட்க வேண்டுமா? டேங்கில் துரு பிடிக்கும், பழைய ரப்பர் வாஷர்கள் உப்பும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் கொஞ்சம் மெலியும்.

ஸ்டார்ட் ஆகவில்லையா? உடனே ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். உதைத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது, அல்லது ஸ்பார்க் இல்லை. ஜெட்டைக் கழற்றினால் கிளீனர் அடித்துக் காற்று ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளைத் துளை பெரிசாகிவிட்டால் ஜெட் வீண். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி ஏர் ஃபில்டரை அடைக்கும், அதையும் பாருங்கள்.

வண்டி ஓடிய பிறகு பிளக் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்தால் குறைவு, எஞ்சின் சூடேறும்.

ஊருக்குக் கிளம்பும் முன் பெட்ரோல் டேப்பை மூடி, வண்டி தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கிண்ணத்தில் மிச்சம் இருப்பதையும் வடித்துவிடுங்கள். ஆறு மாதம் வரமாட்டோம் என்றால் டேங்கையும் காலி செய்து, உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டுச் சுழற்றி வையுங்கள். இதையெல்லாம் வெட்டவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடியோ விளக்கோ கூடாது. பட்டாசுக்குப் பேர்போன ஊர்க்காரன் சொல்கிறேன், நெருப்போடு விளையாட்டு வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள தம்பியிடமோ மச்சானிடமோ சொல்லி வையுங்கள்: "பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கும்பகோணம் வரைக்கும் ஓட்டிட்டு வாப்பா." புல்லட்டுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை அந்தக் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள்.