முற்றாத வினையும் முடியாத வழக்கும்



இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் ஜீ.சி.எஸ்.ஈ. ஆங்கிலப் பரீட்சையில், ஒரு பந்தியைத் தந்து, எழுத்தாளர் மொழியை எவ்வாறு கையாண்டுள்ளார் என்று கேட்பார்கள். ஒரு பரீட்சைச் சபை இதற்கு 8 புள்ளிகள் வழங்குகிறது.

லண்டனிலுள்ள என் பேத்தி, இவ்வினாவுக்குத் தான் எழுதிய பயிற்சி விடையை எனக்கு அனுப்பியிருந்தாள். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1852இல் தொடராக வெளியிடத் தொடங்கிய 'பிளீக் ஹவுஸ்' நாவலின் ஆரம்பப் பகுதி அது. சேறும் மூடுபனியும் கவிந்த லண்டன் மாநகர். பேத்தியோ உவமை, உருவகம், திரும்பக் கூறல் என்று பெயர்களை நிரல்படுத்தியிருந்தாள். கிடைத்தவை 3 புள்ளிகள்.

எனக்குச் சுருக்கென்றது. "இதில் வரும் அணி யாது?" என்று கேட்டு, பெயர் சொன்னவனுக்கு முழுப் புள்ளியும் போட்ட தமிழாசிரியன் நான்.

அப்பகுதியை மீண்டும் வாசித்தேன். தொடக்க வசனங்களிற் பெரும்பாலானவை வினைமுற்று இன்றியே நிற்கின்றன. எதுவும் நடந்து முடிவதில்லை. ஏன்? அந்த மூடுபனியின் நடுவே இருப்பது சான்சரி நீதிமன்றம். தலைமுறைகளாக அங்கே இழுபடுகிறது ஜார்ண்டைஸ் வழக்கு. வழக்கும் முடியவில்லை, வசனமும் முற்றவில்லை!

"பிள்ளை, பெயரைச் சொல்லி நிறுத்தாதே. அந்த மொழி உன்னை என்ன செய்தது என்று எழுது" எனப் பேத்திக்கு அறிவித்தேன்.

என் மாணவர்களுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியது இது. அவர்களிற் சிலராவது இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என நம்புகிறேன்.