தசை வளர எத்தனை நாழிகை?

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையில் முன்னாளில் காளையரின் வலிமைக்கு அளவுகோலாக நின்றது இளவட்டக்கல். வழுவழுப்பான அந்த உருண்டைக் கல்லைத் தோளேற்றுவது சில விநாடி வேலை. ஆயினும் அதில் உடல் முழுவதும் உழைத்துவிடும். 2018 காமன்வெல்த் போட்டியில் இரு தூக்குகளில் 317 கிலோ தூக்கிப் பொன் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கத்துக்கும் ஒவ்வொரு தூக்கும் சில விநாடிகளே.

"மூன்று மணி நேரம் பயின்றால் மும்மடங்கு வளராதா?" என்று மாணவர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. வளராது என்பேன். கணக்கிட்டுப் பாருங்கள். எடையைத் தொடர்ந்து எட்டுப் பத்துத் தடவை தூக்க ஒரு நிமிடம். பின் இரண்டு நிமிடம் ஓய்வு. இவ்வாறு 15 சுற்றுக்கு 45 நிமிடம். தொடக்கத்தில் உடலைச் சூடேற்றும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி, அதாவது இரண்டரை நாழிகை. அதற்குமேல் களைத்த தசை எடையைச் செவ்வனே தாங்காது. முதுகும் மூட்டும் ஊறுபடலாம்.

தசை வளர்வது தூக்கும்போது அன்று. பின்வரும் ஓரிரு நாளில்தான். உழுத அன்றே கதிர் முற்றுமோ? ஆதலின் ஒரு தசைக்கு வாரம் இருமுறை பயிற்சி போதும். இடையே உறக்கமும் உணவும் வேண்டும். 100 கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. நம் கரிசல் தரும் உளுந்தும் துவரையும் அதற்குத் துணை நிற்கும்.

நேரத்தை நீட்டாதீர்கள், முயற்சியைக் கூட்டுங்கள்.