உறுதியும் வேணும், ஒத்துழைப்பும் வேணும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



தலைமைப் பொறுப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. எங்க குழுவில் நான் செய்த இரண்டு தப்பைச் சொல்றேன்.

நான் ஊக்குநரான புதுசுல 3 லட்சம் ரூபாய் வங்கிக் கடன் கிடைத்தது. உறுப்பினர்கள் 15 பேர். "ஆளுக்கு 20,000, எல்லாரும் ஆடு வாங்குங்க" என்று நானே முடிவு செய்தேன். தீர்மானத்தை நானே எழுதி, கையெழுத்துக்கு நோட்டை வீடு வீடாகக் கொடுத்து அனுப்பினேன். யாரும் மறுக்கல. அதையே சம்மதம்னு நினைச்சுட்டேன்.

வாடகை வீட்டில் இருந்த மூணு பேருக்கு ஆடு கட்ட இடமே இல்லை. கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. கோடையில் கிடைத்த விலைக்கு வித்துட்டாங்க. தவணை நாள் வந்தப்போ ஒருத்தி கேட்டாள்: "முடிவு பண்ணினது நீங்கதானே அக்கா, நீங்களே கட்டுங்க." எனக்கு வாயடைத்துப் போச்சு.

அதுக்கப்புறம் பயந்து, எல்லாத்துக்கும் தலையாட்ட ஆரம்பிச்சேன். ஏற்கெனவே மூணு தவணை பாக்கி வச்சிருந்த ஓர் அக்கா, மகள் காதுகுத்துக்கு உள்கடன் கேட்டாங்க. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க. "நீங்க எல்லாரும் சொன்னா சரி" என்று நழுவிட்டேன். இருந்த பணம் போச்சு. அடுத்த வாரமே இன்னொருத்தியின் மகனுக்கு ஆபரேஷன். குழுவில் பணம் இல்லை. அவள் தாலிக்கொடியை அடகு வச்சாள். அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது.

முதல்ல நான் அதிகாரம் செய்தேன், அப்புறம் ஒளிஞ்சுக்கிட்டேன். இரண்டுமே தலைமை இல்லை.

தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. அதுக்கப்புறம் எத்தனையோ திட்டம் வந்தாலும் குழுவை நிக்க வைக்கிறது பஞ்ச சூத்திரம்தான்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துதல், சரியான கணக்கு. இந்த விதியில் யார் கேட்டாலும் நான் உறுதியா நிக்கணும். ஆனா, பணத்தை எந்தத் தொழிலில் போடுறது, யாருக்கு முதல்ல கொடுக்கிறது என்பது 15 பேரின் முடிவு.

இப்ப எங்க கூட்டத்தில் வட்டமா உட்காருவோம். அதிகம் பேசாதவங்களை முதல்ல பேசச் சொல்வோம். நான் கடைசியாத்தான் பேசுவேன். மறுப்பு இருந்தா அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். வாசிச்சுக் காட்டின பிறகே கையெழுத்து.

அதே அக்கா மறுபடி கடன் கேட்டு வந்தாங்க. "பாக்கி முடியாம கொடுக்க முடியாதுக்கா" என்று நேரா சொன்னேன். ஆனா அதோட விடல. பாக்கியைச் சின்னச் சின்னத் தொகையாக் கட்ட எல்லாரும் சேர்ந்து வழி செய்தோம். மூணு மாசம் அவங்க என்னோட முகம் கொடுத்துப் பேசல. நாலாவது மாசம் பாக்கியை முடிச்சுட்டு, தையல் மெஷினுக்குக் கடன் கேட்டாங்க. ஒரே மனசா கொடுத்தோம்.

இன்னைக்கு எங்க குழுவுக்கு அவங்கதான் பிரதிநிதி. கணக்கில் ஒரு ரூபாய் இடிச்சாலும் முதல்ல என்னைத்தான் கேட்கிறாங்க. எனக்கு அதுதான் சந்தோஷம்.