சமோசா விற்ற காசும் ஜூன் 30-ம்

போன எபிசோடுக்கு வந்த மெயில்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "எம்.எஸ். பண்ண அமெரிக்கா போறேன். அங்க இருக்கிற ஸ்டூடன்ட் அசோசியேஷன்ல சேரலாமா, இல்ல நேரம் வேஸ்ட்டா?" சேருங்க. ஆனா பொருளாளர் பதவிக்கு மட்டும் நிக்காதீங்கன்னு சொல்லத்தான் இந்த எபிசோடைத் திட்டம் போட்டேன். ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தப்ப வேற ஒரு கதை வந்து நின்னுடுச்சு. அதையே சொல்லிடுறேன்.

நான் படிச்சது அமெரிக்காவோட மிட்வெஸ்ட் பகுதியில ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டி. எங்க டிபார்ட்மென்ட்ல எம்.எஸ்., பி.எச்டி. மாணவர்களுக்குன்னு தனியா ஒரு சங்கம் உண்டு. ரெண்டாவது செமஸ்டர்ல நான் அதுக்குப் பொருளாளர் ஆனேன். போட்டியெல்லாம் இல்லை, கையைத் தூக்கினது நான் ஒருத்தன்தான்.

சங்கத்துக்கு வேலை ரெண்டு வகை. ஒண்ணு, கான்ஃபரன்ஸ் போக உதவித்தொகை, ரெஸ்யூமே பார்த்துத் திருத்துறது, மாக் இன்டர்வியூ. இன்னொண்ணு, வெள்ளிக்கிழமை பீட்சா, தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு ஊருக்குப் போக முடியாதவங்களுக்கு ஒரு சாப்பாடு. இந்த ரெண்டாவதைப் பார்த்து "படிக்க வந்த இடத்துல பீட்சாவுக்கு எதுக்கு நிதி?"ன்னு கேட்கிறவங்க எப்பவும் இருப்பாங்க. ஜன்னல் இல்லாத லேப்ல, வெளியில பனி கொட்டும்போது, மூணு நாள் யார்கிட்டயும் பேசாம இருந்து பாருங்க. அப்புறம் அந்தக் கேள்வியைக் கேளுங்க.

சரி, பணம் எங்கேருந்து வரும்? எல்லா மாணவர்களும் கட்டுற ஆக்டிவிட்டி ஃபீஸ்ல ஒரு பங்கு வரும். ஆனா எங்க கேம்பஸ்ல அந்தப் பணத்துக்கு ரெண்டு விலங்கு. முதல்ல, அமெரிக்காவுல நிறைய யுனிவர்சிட்டிகளுக்கு நிதியாண்டு ஜூன் 30-ல முடியுது, எங்களுக்கும் அப்படித்தான். அதுக்குள்ள செலவாகாத பணம் திரும்பப் போயிடும். புது வருஷ பட்ஜெட் கைக்கு வர செப்டம்பர் ஆயிடும். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பெரிய கான்ஃபரன்ஸ் நிறைய நடக்கிறது ஜூலை, ஆகஸ்ட்லதான். அதாவது, தேவைப்படும்போது பணம் இருக்காது. ரெண்டாவது விலங்கு, எல்லாமே ரீஇம்பர்ஸ்மென்ட். நீ செலவு பண்ணு, போயிட்டு வா, பில் குடு, ஆறு வாரம் காத்திரு.

அந்த ஜூன் 30 சிக்கலைத் தாண்டத்தான் சொந்தமா நிதி திரட்டணும்னு கிளம்பினோம். கிளம்பினா வேற என்ன, சமோசா. வீட்டுல பண்ணி விக்கக் கூடாது, லைசென்ஸ் உள்ள கிச்சன்ல இருந்துதான் வரணும்னு கேம்பஸ் விதி. அதனால ஒரு இந்தியன் ரெஸ்டாரன்ட்ல ஒரு டாலருக்கு வாங்கி ரெண்டு டாலருக்கு வித்தோம். நாலு பேர், அஞ்சு மணி நேரம், 140 டாலர் லாபம். அதுல மேசை வாடகை, பேப்பர் தட்டு, கார் பெட்ரோல். எங்க பாட்டி சொல்ற சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். இருந்தாலும் விடாம மாசம் ரெண்டு தடவை போட்டோம். மே மாசம் கணக்கு முடிக்கும்போது ஒரு ஆளை கான்ஃபரன்ஸுக்கு அனுப்புற அளவுக்குக் கிட்டத்தட்ட பணம் சேர்ந்திருந்தது. எனக்கு ரொம்பப் பெருமை.

எங்க லேப்ல மதுரைப் பக்கத்துலேருந்து வந்த ஒரு அக்கா பி.எச்டி. பண்ணிட்டு இருந்தாங்க. அவங்க முதல் பேப்பர் அந்த வருஷம் ஜூலை கான்ஃபரன்ஸ்ல அக்செப்ட் ஆச்சு. செய்தி வந்த அன்னிக்கு லேப்ல கேசரி கிண்டிக் கொண்டுவந்தாங்க. நான் பொருளாளர் தோரணையில சொன்னேன்: "அக்கா, ஃபீஸ் பணம் ஜூன் 30-க்கு அப்புறம் கிடைக்காது. ஆனா சமோசா பணம் நம்ம கையில இருக்கு. நீங்க டிக்கெட் போடுங்க, வந்து பில்லைக் குடுங்க, ஒரே வாரத்துல பாஸ் பண்ணிடுறேன்."

"பாக்கலாம் தம்பி"ன்னாங்க.

நான் இன்டர்ன்ஷிப்புக்காக வேற ஊருக்குப் போயிட்டேன். செப்டம்பர்ல திரும்பி வந்து கணக்கு நோட்டைத் திறந்தா, அவங்க பில் வரவே இல்லை. மறந்துட்டாங்கன்னு நினைச்சு ஞாபகப்படுத்தப் போனேன். "நான் போகலையே தம்பி. புரொஃபசர்தான் பிரசென்ட் பண்ணாரு"ன்னு சாதாரணமா சொன்னாங்க.

அப்புறம்தான் கணக்கு எனக்குப் புரிஞ்சுது. அவங்க அசிஸ்டன்ட்ஷிப் ஒன்பது மாசத்துக்குத்தான். மே மாசத்தோட சம்பளம் நின்னுடும். எஃப்-1 விசாவுல இருக்கிறவங்க கேம்பஸுக்கு வெளியில போய் நினைச்ச வேலையைச் செய்யவும் முடியாது. மாசாமாசம் வீட்டுக்கு வேற பணம் அனுப்பணும். கிரெடிட் கார்டு லிமிட் 500 டாலர். ஃபிளைட், ஹோட்டல், பதிவுக் கட்டணம் சேர்த்து 1,500-ஐத் தாண்டுது. திரும்பக் கிடைக்கும்ங்கிறது அவங்களுக்கும் தெரியும். முதல்ல வைக்க இல்லை, அவ்வளவுதான். பணம் முழுசா என் அக்கவுன்ட்ல தூங்கிட்டு இருந்த அதே ஜூலையில இது நடந்திருக்கு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா"ன்னேன். "நீ பில்லைத்தானே கேட்ட"ன்னாங்க.

அவங்க கோபமா சொல்லலை. அதனாலயே அது இன்னும் உள்ளே கிடக்கு. முந்தின ரெண்டு வருஷ உதவித்தொகை பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வாங்கினவங்க பெரும்பாலும் கையில முன்பணம் வைக்க முடிஞ்சவங்க. முடியாதவங்க அப்ளையே பண்ணலை. அதைப் பார்த்து நாங்க "டிமாண்ட் கம்மி"ன்னு மினிட்ஸ்ல எழுதி வெச்சிருக்கோம்! என் கையெழுத்துலயே ஒரு மினிட்ஸ் இருந்துச்சு.

அந்தச் செமஸ்டர்ல டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல இருந்த ஒரு அம்மாகிட்ட போய் உட்கார்ந்தேன். இருபது வருஷமா அங்க இருக்கிறவங்க. நன்கொடையா வர்ற பணத்துக்கு யுனிவர்சிட்டி ஃபவுண்டேஷன்ல தனிக் கணக்கு தொடங்கலாம், அதுக்கு ஜூன் 30 கெடு கிடையாது, அந்தக் கணக்கை வெச்சு டிபார்ட்மென்ட் கார்டுலயே நேரா டிக்கெட் போடலாம், பதிவுக் கட்டணம் கட்டலாம்னு பத்து நிமிஷத்துல சொல்லி முடிச்சாங்க. இத்தனை வருஷமா யாரும் கேட்கலையாம்.

முன்னாள் மாணவர்கள்கிட்ட கேட்கணும். முதல் கடிதம் நான்தான் எழுதினேன். "மாணவர்களின் தொழில்முறை வளர்ச்சிக்கும் பல்வேறு செயல்பாடுகளுக்கும் தாராளமாக உதவுங்கள்." ரெண்டு பதில் வந்துச்சு, அதுல ஒண்ணு மெயிலிங் லிஸ்ட்லேருந்து எடுத்துடச் சொல்லி. அப்புறம் எல்லாத்தையும் அழிச்சிட்டு நடந்ததை எழுதினேன், அக்காகிட்ட அனுமதி வாங்கி, பேர் போடாம. பேப்பர் அக்செப்ட் ஆச்சு, டிக்கெட் போட முடியலை, போகலை. நீங்க குடுக்கிற பணத்துல நாங்க டிக்கெட்டை முன்னாடியே போட்டுடுவோம். அவங்க வந்து யுனிவர்சிட்டிகிட்ட கிளெய்ம் பண்ற தொகை திரும்ப இதே கணக்குக்கு வரும். அடுத்த ஆள் போவார். கோடை காலத்துல கிளெய்ம் பண்ண வழியில்லாதப்ப அது அப்படியே மானியம்.

இதை கிவிங் டியூஸ்டே அன்னிக்கு அனுப்பினோம். தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. 2012-ல ஆரம்பிச்ச பழக்கம், அமெரிக்காவுல எல்லாரும் அன்னிக்கு நன்கொடை கேட்பாங்க. கேட்கிற கூட்டத்துல நாங்களும் ஒரு ஆள். இந்தத் தடவை சாயங்காலத்துக்குள்ள வந்த பணம், ஒரு செமஸ்டர் சமோசாவைத் தாண்டிடுச்சு. கூடுதலா ஒண்ணு: மைக்ரோசாஃப்ட், கூகுள் மாதிரி கம்பெனிகள்ல, ஊழியர் குடுக்கிற நன்கொடைக்குச் சமமா கம்பெனியும் போடுற திட்டம் இருக்கு. ஆனா பணம் யுனிவர்சிட்டி மாதிரி அங்கீகாரம் உள்ள அமைப்புக்குப் போகணும். பொருளாளரோட வென்மோவுக்கு அனுப்பினா மேட்ச்சும் கிடையாது, வரிச்சலுகையும் கிடையாது. முதல் கடிதத்துல நான் வென்மோ ஐடிதான் போட்டிருந்தேன். சிரிக்காதீங்க.

அங்க போறவங்க ஒண்ணு பண்ணுங்க. டிராவல் கிரான்ட்னு போட்டிருந்தா, தொகை எவ்வளவுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, அது முன்பணமா, ரீஇம்பர்ஸ்மென்ட்டான்னு கேளுங்க. கான்ஃபரன்ஸ்ல ஸ்டூடன்ட் வாலன்டியர் இடம் இருக்கான்னும் பாருங்க. பல ஏ.சி.எம். கான்ஃபரன்ஸ்கள்ல அப்படிப் போனா பதிவுக் கட்டணம் இல்லை.

அடுத்த மார்ச்ல அந்தக் கணக்குலேருந்து முதல் டிக்கெட் போட்டோம். அக்காவுக்கு இல்லை. அந்த வருஷம் அவங்க அனுப்பின பேப்பர் ரிஜெக்ட் ஆயிடுச்சு. போனது நேபாளத்துலேருந்து வந்த ஒரு முதல் வருஷப் பையன். ஏர்போர்ட்டுக்கு அவனைக் கொண்டுபோய் விட்டது அக்காதான். நான் பின்சீட்ல, மடியில அவன் போஸ்டர் ட்யூபை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னிக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல ஆன்-கால் ராத்திரிகளைப் பத்திப் பேசுவோம். வரேன்.